எந்த ரொனால்டோ?

கேள்வி: ரொனால்டோ என்றால் எனக்கு பிரேசில்காரர். பத்தாவது படிக்கும் என் மகனுக்கோ போர்ச்சுகல்காரர். “உங்க ஆள் ஒரு சாம்பியன்ஸ் லீக்கூட ஜெயிக்கலப்பா, கடைசியில குண்டாகி ஓட முடியாம நின்னுட்டார்” என்று கிண்டல் செய்கிறான். கொஞ்ச நாளாக இது நிஜச் சண்டையாகிவிட்டது. அவன் வாயை எப்படி அடைப்பது?

பதில்: கோப்பைக் கணக்கில் மட்டும் இறங்காதீர்கள். ஐரோப்பிய கிளப் அணிகளின் பெரிய கோப்பையான சாம்பியன்ஸ் லீக் அவன் ஆளிடம் 5 இருக்கிறது, உங்கள் ஆளிடம் சைபர். தோற்றுவிடுவீர்கள்.

அந்த சைபர் வந்த கதையை வேண்டுமானால் சொல்லலாம். ரியல் மாட்ரிட் 2002 மே மாதம் கோப்பையை வென்றது. இவர் அங்கே சேர்ந்தது கோடை முடியும்போது. 2007 ஜனவரியில் ஏசி மிலானுக்குப் போனார். மிலான் அந்த வருடமே வென்றது. ஆனால் அதே சீசனில் ரியலுக்காக அந்தத் தொடரில் ஆடிவிட்டதால், விதிப்படி மிலானுக்காக இறங்க முடியவில்லை. ஒரு பந்திக்குப் பிந்தினார், இன்னொன்றில் இலை போடவில்லை.

சரி, மகனைப் பக்கத்தில் உட்காரவைத்து 1996 அக்டோபரில் பார்சிலோனாவுக்காக கொம்போஸ்டெலா அணிக்கு எதிராக அவர் அடித்த கோலைப் போட்டுக் காட்டுங்கள். மைதானத்தின் நடுப்பகுதியில் பந்து கிடைக்கிறது. ஒருவர் சட்டையைப் பிடித்து இழுக்கிறார். வேறு யாராவது என்றால் விழுந்து ஃபவுல் கேட்டிருப்பார்கள். இவர் இழுத்தவரையும் உதறிவிட்டு ஓடுகிறார், குறுக்கே வருபவர்களை வெட்டித் தாண்டுகிறார், கோல். பார்சிலோனா பயிற்சியாளர் பாபி ராப்சன் எழுந்து நின்று இரண்டு கையையும் தலையில் வைத்துக்கொள்கிறார். அப்போது ரொனால்டோவுக்கு 20 வயது. அந்த சீசனில் 49 ஆட்டங்களில் 47 கோல்.

அப்புறம் முட்டி. இன்டர் மிலானில் இருந்தபோது 1999 நவம்பரில் தசைநாண் கிழிந்தது. 2000 ஏப்ரலில், ரோமில் லாசியோவுக்கு எதிரான இத்தாலியக் கோப்பை இறுதியாட்டத்தில் மாற்று ஆளாக இறங்கினார். சில நிமிடங்கள்தான். யாரும் தொடவில்லை, பந்தோடு காலைச் சுழற்றியவர் முட்டியைப் பிடித்துக்கொண்டு சரிந்தார். அடுத்த சீசன் முழுக்க ஆடவில்லை. அந்தக் காலோடுதான் 2002 உலகக் கோப்பையில் 8 கோல் அடித்தார், இறுதியாட்டத்தில் ஜெர்மனிக்கு எதிராக அடித்த இரண்டும் சேர்த்து. பழைய வேகம் திரும்பவில்லை, உண்மைதான். கோலுக்கு முன்னாலுள்ள பெனால்டி பெட்டிக்குள் நின்று கோலடித்து முடிக்கிற வேறொரு ஆட்டக்காரராகத் திரும்பினார்.

குண்டு என்ற கிண்டலை மட்டும் நிறுத்தச் சொல்லுங்கள். தைராய்டு குறைபாடு இருந்ததை 2011இல் ஓய்வு பெறும்போது அவரே சொன்னார். பதிலுக்கு நீங்களும் ஒன்றை ஒப்புக்கொள்ளுங்கள்: உடம்பைப் பேணுவதில் போர்ச்சுகல்காரர் பக்கத்தில்கூட உங்கள் ஆள் வர முடியாது.

இன்னொன்றும் சொல்லுங்கள். 2003 ஏப்ரலில் ஓல்டு டிராஃபோர்டில் ரியலுக்காக ஹாட்ரிக் அடித்துவிட்டு அவர் வெளியே போனபோது, மான்செஸ்டர் யுனைடெட் ரசிகர்களே எழுந்து நின்று கைதட்டினார்கள். நான்கு மாதம் கழித்து அதே மைதானத்துக்கு லிஸ்பனிலிருந்து 18 வயதுப் பையன் ஒருவன் வந்து சேர்ந்தான். பெயரை உங்கள் மகனே சொல்லட்டும்.