வான்கோமைசின் ஊசி: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

மருத்துவமனையில் வான்கோமைசின் என்ற ஆன்டிபயாடிக் (பாக்டீரியாக் கிருமிகளைக் கொல்லும் மருந்து) ஏற்றப்பட்டவர்களும் அவர்கள் அருகில் இருந்து பார்த்துக்கொண்டவர்களும் அனுப்பிய கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன். ஒருவருக்குச் சொன்ன அளவையும் நாள்கணக்கையும் இன்னொருவர் தமக்கென்று எடுத்துக்கொள்ள வேண்டாம்.

சர்க்கரை நோய்க் கால்புண்ணுக்காகச் சேர்க்கப்பட்ட என் தந்தைக்கு இந்த மருந்தை ஏற்றத் தொடங்கிய பத்து நிமிடத்தில் முகமும் கழுத்தும் சிவந்து அரிப்பெடுத்தது. நர்ஸ் உடனே நிறுத்திவிட்டு, சற்று நேரம் கழித்து அதே மருந்தை மறுபடியும் ஏற்றினார். ஒவ்வாத மருந்தை மீண்டும் கொடுக்கலாமா?

நீங்கள் விவரிப்பது ஒவ்வாமை போலத் தோன்றினாலும் பெரும்பாலும் ஒவ்வாமை அன்று. வான்கோமைசின் வேகமாக ரத்தத்தில் கலக்கும்போது, உடலின் எதிர்ப்பு அமைப்பைச் சேர்ந்த மாஸ்ட் செல்களை நேரடியாகத் தூண்டி ஹிஸ்டமின் என்ற வேதிப்பொருளை வெளியேற்றச் செய்கிறது. முகம், கழுத்து, மார்பின் மேற்பகுதி ஆகியவை சிவப்பதும் அரிப்பதும் அதனால்தான். உண்மையான ஒவ்வாமைக்கு உடல் அந்த மருந்தை முன்பே அறிந்து எதிர்ப்பொருள் உண்டாக்கியிருக்க வேண்டும். இதற்கு அது தேவையில்லை என்பதால் முதல் டோஸிலேயே வரக்கூடும். நிறுத்தி, அரிப்புக்கான ஊசி போட்டு, சிவப்பு அடங்கியபின் பாதி வேகத்தில் தொடங்குவதே வழக்கமான முறை. அந்த நர்ஸ் செய்தது சரி.

வேகம் என்றால் எவ்வளவு? நிமிடத்துக்கு 10 மில்லிகிராமுக்கு மேல் போகக்கூடாது, சிறிய டோஸாக இருந்தாலும் ஒரு மணி நேரத்துக்குக் குறையக்கூடாது என்பது விதி. 1 கிராம் மருந்தை 200 மில்லிலிட்டர் சலைனில் கலந்தால் அது இறங்க 100 நிமிடம் ஆகும். 20 துளி சேர்ந்தால் ஒரு மில்லிலிட்டர் என்ற சாதாரண டிரிப் செட்டில் இது நிமிடத்துக்கு 40 துளி. வார்டில் துணைக்கு இருக்கும் உறவினர், ‘சீக்கிரம் முடியட்டும்’ என்று டிரிப் குழாயில் துளி வேகத்தை மாற்றும் சின்னச் சக்கரத்தைத் தாமே தள்ளிவிடுவதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். தயவுசெய்து அதில் கை வைக்காதீர்கள். மூச்சிரைப்பு, உதடு வீக்கம், உடல் முழுதும் தடிப்பு, தலைசுற்றலோடு ரத்த அழுத்தம் இறங்குதல் ஆகியவை வந்தால் கதை வேறு. அப்போது மருத்துவர் வந்து பார்க்கும்வரை மருந்தைத் தொடரக்கூடாது.

ரத்தத்தில் கிருமி என்று என் சகோதரிக்கு வான்கோமைசின் கொடுத்தார்கள். மூன்றாம் நாள் கல்ச்சர் (ரத்தத்திலுள்ள கிருமியை வளர்த்துப் பார்க்கும் பரிசோதனை) ரிப்போர்ட் வந்ததும், அதைவிட விலை குறைந்த செஃபாசோலின் என்ற ஆன்டிபயாடிக்குக்கு மாற்றிவிட்டார்கள். வீரியமான மருந்தை நிறுத்தியது ஏன்?

இந்தக் கேள்வி வந்ததில் எனக்கு மகிழ்ச்சி, ஏனெனில் ‘வீரியம்’ என்ற சொல் இங்கே பலரைத் தவறான வழியில் கொண்டுபோகிறது. ஸ்டஃபைலோகாக்கஸ் ஆரியஸ் என்ற கிருமியில் இரண்டு வகை உண்டு. பெனிசிலின் குடும்ப மருந்துகளுக்குக் கட்டுப்படாத வகையை எம்.ஆர்.எஸ்.ஏ. என்றும், அவற்றில் பொருத்தமானவற்றுக்குக் கட்டுப்படும் வகையை எம்.எஸ்.எஸ்.ஏ. என்றும் அழைக்கிறோம். எந்த வகை என்று தெரியாத முதல் இரண்டு மூன்று நாட்களில், மோசமான வகையாக இருக்கக்கூடும் என்ற எச்சரிக்கையில் வான்கோமைசின் தொடங்கப்படுகிறது. ரிப்போர்ட் எம்.எஸ்.எஸ்.ஏ. என்று வந்துவிட்டால், வான்கோமைசின்தான் இரண்டாந்தர மருந்து. அது அளவில் பெரிய மூலக்கூறு, கிருமியை மெதுவாகக் கொல்லும். பெனிசிலினுக்கு உறவான செஃபாசோலின் அதே கிருமியை விரைவாகக் கொல்லும். ரத்தத்தில் எம்.எஸ்.எஸ்.ஏ. உள்ளவர்களுக்கு வான்கோமைசினையே தொடர்ந்தால் இறப்பு அதிகம் என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. விலையைப் பார்த்து மாற்றியிருப்பார்களோ என்ற ஐயம் வேண்டாம். உங்கள் சகோதரிக்குக் கிடைத்தது நல்ல சிகிச்சை.

சிறுநீர்த் தொற்றில் ஈ-கோலை வந்திருக்கிறது. இந்த ஊசியைக் கேட்டால் மருத்துவர் மறுக்கிறார்.

சரியாகத்தான் மறுக்கிறார். ஈ-கோலை போன்ற, கிராம்-நெகட்டிவ் என்ற பிரிவைச் சேர்ந்த கிருமிகளுக்கு வெளியே இன்னொரு சவ்வு இருக்கிறது. வான்கோமைசினின் பருத்த மூலக்கூறு அதைத் தாண்டி உள்ளே போகாது.

ஊசிக்குப் பதிலாக இதையே மாத்திரையாகக் கொடுக்க முடியாதா?

வாய்வழி மருந்தாகவும் கிடைக்கிறது. ஆனால் அது குடலிலிருந்து ரத்தத்துக்குள் ஏறுவதே இல்லை என்று சொல்லலாம். உள்ளே போனபடியே வெளியேறிவிடும். ஆன்டிபயாடிக் எடுத்தபின் குளோஸ்ட்ரிடியாய்டீஸ் டிஃபிசில் என்ற கிருமியால் வரும் கடுமையான வயிற்றுப்போக்குக்குக் குடலுக்குள்ளேயே மருந்து தங்குவதுதான் வேண்டும், ஆகவே பெரும்பாலும் அங்கேதான் அது பயன்படுகிறது. மறுதலையாக, அந்த வயிற்றுப்போக்குக்கு நரம்பில் ஏற்றினால் பயனில்லை.

நான்காவது டோஸுக்கு முன்பு ரத்தம் எடுக்கிறார்கள். கிரியேட்டினினும் (சிறுநீரகம் எப்படி இயங்குகிறது என்று காட்டும் ரத்த அளவு) அடிக்கடி பார்க்கிறார்கள். இவ்வளவு பரிசோதனை அவசியமா?

அவசியம். இந்த மருந்து ஏறத்தாழ முழுவதும் சிறுநீரகம் வழியாகவே வெளியேறுகிறது. அளவு மிஞ்சினால் அதே சிறுநீரகத்தைப் பாதிக்கவும் செய்கிறது. சிறுநீரகம் தளர்ந்தால் மருந்து தேங்கும், தேங்கினால் சிறுநீரகம் மேலும் தளரும். வழக்கமான டோஸ், கிலோவுக்கு 15 முதல் 20 மில்லிகிராம் வீதம் 8 அல்லது 12 மணி நேரத்துக்கு ஒருமுறை. சிறுநீரகம் சரியாக இயங்காதவருக்கு இதே அளவு ஆபத்தாகிவிடும். டயாலிசிஸ் நோயாளிக்கு டயாலிசிஸ் முடிந்தபின் ஒருமுறை கொடுத்து, அடுத்த டயாலிசிஸ்வரை விட்டுவிடுவதும் உண்டு. நான்காவது டோஸுக்குச் சற்று முன் எடுக்கும் ரத்தத்தில், முந்தைய டோஸில் எவ்வளவு எஞ்சியிருக்கிறது என்பது தெரியும். ஆகவே ரத்தம் எடுத்த நேரத்தையும் முந்தைய டோஸ் ஏறிய நேரத்தையும் சரியாகக் குறிப்பது, பரிசோதனைக்கு ஈடான முக்கியத்துவம் உடையது. எஞ்சிய அளவை மட்டும் பார்க்காமல், 24 மணி நேரத்தில் உடல் சந்தித்த மொத்த அளவைக் கணக்கிடும் முறையை 2020-இல் வந்த அமெரிக்க வழிகாட்டுதல் கடுமையான எம்.ஆர்.எஸ்.ஏ. தொற்றுகளுக்குப் பரிந்துரைத்தது.

பைப்பராசிலின்-டாசோபாக்டம் என்ற இன்னொரு ஆன்டிபயாடிக் கூடவே ஏறினால் கிரியேட்டினின் உயர்வதை இன்னும் கவனமாகப் பார்ப்போம். வலிக்கு டைக்ளோஃபெனாக் மாத்திரையை வீட்டிலிருந்து கொண்டுவந்து மருத்துவருக்குத் தெரியாமல் விழுங்குபவர்கள் இருக்கிறார்கள். சிறுநீர் குறைவதற்கு அதுவும் ஒரு காரணமாகலாம்.

மருந்தியல் மாணவன் நான். இது மண்ணிலிருந்து வந்த மருந்து என்பது உண்மையா?

உண்மை. 1950களின் தொடக்கத்தில் போர்னியோ காட்டிலிருந்து ஒரு மதபோதகர் அனுப்பிய மண்ணில், எலி லில்லி நிறுவனத்தின் வேதியியலாளர் எட்மண்ட் கார்ன்ஃபெல்டின் குழு இதைக் கண்டெடுத்தது. அமெரிக்க அனுமதி 1958-இல். ஆரம்பகால மருந்து அழுக்குக் கலந்து பழுப்பாக இருந்ததால் ‘மிசிசிப்பிச் சேறு’ என்று கேலிப்பெயர் பெற்றது. அது விளைத்த தீங்குகளில் ஒரு பங்கு அந்த அழுக்கினுடையது என்பது பலரின் கருத்து. இன்றைய வெள்ளைத் தூளுக்கும் அந்தப் பழைய பழி சற்று ஒட்டிக்கொண்டிருக்கிறது.

கணவருக்கு இதய வால்வில் எம்.ஆர்.எஸ்.ஏ. தொற்று. காய்ச்சல் ஒரே வாரத்தில் விட்டுவிட்டது; இன்னும் ஐந்து வாரம் ஊசி என்கிறார்கள். மாத்திரை வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போகலாமா?

வால்வில் படிந்த கட்டிக்குள் கிருமிகள் நெருக்கமாகப் பொதிந்து, பெருகாமல் கிடக்கின்றன. அந்த நிலையில் மருந்து அவற்றைக் கொல்ல வெகுநாள் ஆகும். காய்ச்சல் விடுவது ரத்தத்தில் மிதந்தவை குறைந்ததற்கான அடையாளம் மட்டுமே. சில வகை வால்வுத் தொற்றுகளில், குறைந்தது 10 நாள் ஊசிக்குப் பின், நிலை சீரானவர்களை மாத்திரைக்கு மாற்றலாம் என்று டென்மார்க் ஆய்வு ஒன்று 2019-இல் காட்டியது. அதுவும் தேர்ந்தெடுத்த நோயாளிகளுக்கு, இரண்டு மருந்துகளைச் சேர்த்து, இடைவிடாத கண்காணிப்பில் நடந்தது. அதை நீங்களாகப் பின்பற்ற முடியாது.

ஆறு வாரத்தை மருத்துவமனையில் சேர்ந்த நாளிலிருந்து எண்ணாதீர்கள். ரத்தக் கல்ச்சரில் கிருமி வளராத முதல் நாளே கணக்கின் முதல் நாள். அது எந்தத் தேதி என்று கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். கையில் போட்ட வென்ஃப்ளான் (மருந்து ஏற்றும் சிறு குழாய்) அடிக்கடி வீங்கிச் சிவந்து போகிறதென்றால், மேற்கையிலிருந்து இதயத்தருகே உள்ள பெரிய சிரைவரை செல்லும் நீண்ட குழாய் பொருத்த முடியுமா என்றும் அப்போதே கேளுங்கள்.