பள்ளியிலேயே கல்லூரிப் பாடம்: கேட்டவர்களுக்குப் பதில்

பிளஸ் டூ கணக்கு நடத்துவது என் தொழில். சனி, ஞாயிறுகளில் ஏபி (அட்வான்ஸ்டு பிளேஸ்மென்ட்) என்கிற அமெரிக்கத் தேர்வில் கால்குலஸ், அதாவது நுண்கணிதம், எழுதப் போகிற பிள்ளைகளுக்கும் பாடம் எடுக்கிறேன். அதனால் கல்யாண வீட்டில் பந்திக்கு உட்கார்ந்தால்கூட, பள்ளியில் படிக்கும்போதே எழுதுகிற கல்லூரித் தேர்வுகளைப் பற்றி யாராவது ஒருவர் கேட்டுவிடுகிறார். மொத்தமாக எழுதி அனுப்பச் சொன்னேன். ஒரே மாதிரியான கேள்விகளை ஒன்றாக்கி, பெயரை எடுத்துவிட்டு, ஊரை மட்டும் வைத்திருக்கிறேன்.

பொள்ளாச்சியிலிருந்து ஒரு அம்மா: வணக்கமுங்க டீச்சர். பையன் பதினொன்றாவது, ஸ்டேட் போர்டு. ஏபி எழுதினால் பெரிய காலேஜில் சீட் உறுதின்னு ஒரு கோச்சிங் சென்டரில் சொல்றாங்க. கேட்கிற பணம் கொஞ்சநஞ்சமில்லைங்க. சேர்த்து விடலாமுங்களா?

எந்தப் பெரிய காலேஜ் என்று அவர்களிடமே கேளுங்க. பெயரை எழுதிக் கொடுக்கச் சொல்லுங்க.

பையன் தமிழ்நாட்டில் இன்ஜினியரிங் படிக்கப் போகிறான் என்றால் கணக்கு 100, இயற்பியல் 50, வேதியியல் 50, ஆக 200க்குத்தான் கட்ஆஃப். ஏபியில் முழு மதிப்பெண் வைத்திருந்தாலும் அங்கே அரை மார்க் கூடாது. ஐஐடிக்கு ஜேஇஇ, மருத்துவத்துக்கு நீட். இங்கெல்லாம் ஏபி என்ற பெயரையே யாரும் கேட்க மாட்டார்கள்.

அமெரிக்காவின் காலேஜ் போர்டு நடத்துகிற தேர்வு அது. ஒவ்வொரு ஆண்டும் மே மாதம் நடக்கும், 1 முதல் 5 வரை மதிப்பெண். அமெரிக்காவில் சேர்ந்தால் முதலாண்டுப் பாடம் சிலவற்றிலிருந்து விலக்கு கிடைக்கலாம். கனடா, இங்கிலாந்துப் பல்கலைக்கழகங்கள் சேர்க்கையில் இதைப் பார்க்கின்றன. நம் நாட்டிலும் சில தனியார் பல்கலைக்கழகங்கள் விண்ணப்பத்தோடு சேர்த்துப் பார்ப்பதுண்டு. ‘சீட் உறுதி’ என்று எந்த நாட்டிலும் கிடையாதுங்க.

இன்னொன்று, தேர்வு எழுத எந்த வகுப்பிலும் சேர்ந்திருக்க வேண்டிய கட்டாயமில்லை. வீட்டிலிருந்தே படித்தும் எழுதலாம். தேர்வு நடத்துகிற பள்ளி அல்லது மையத்தின் வழியாகப் பெயர் பதிய வேண்டும், அவ்வளவுதான். முந்தைய நவம்பருக்குள் பதிந்துவிட வேண்டும். மையம் நம்ம ஊரிலேயே இருக்கும் என்று எண்ணிக்கொள்ளாமல், ஆகஸ்டிலேயே விசாரித்துவிடுங்க.

ஈரோடு, பதினொன்றாம் வகுப்பு மாணவி: ஸ்டேட் போர்டு கணக்கு படித்தால் ஏபி கால்குலஸ் எழுத முடியுமா மேடம்? எவ்வளவு புதிதாகப் படிக்கணும்?

பாப்பா, நீ நினைக்கிறதைவிடக் குறைவுதான். கால்குலஸில் ஏபி (AB), பிசி (BC) என்று இரண்டு தேர்வு உண்டு. ஏபி சின்னது, பிசி பெரியது. (தேர்வுத் திட்டத்தின் பெயர் AP, அதற்குள் இந்தத் தாளின் பெயர் AB. தமிழில் எழுதினால் இரண்டும் ஏபி. குழம்பிவிடாதே.) சின்னதற்கு வேண்டிய எல்லை, தொடர்ச்சி, வகையீடு, தொகையீடு நம் பதினொன்றிலேயே வந்துவிடுகின்றன. பன்னிரண்டில் வகையீட்டின் பயன்பாடுகள், வரையறுத்த தொகையீடு, வகைக்கெழுச் சமன்பாடுகள் சேர்ந்தால் பெரும்பகுதி முடிந்தது. பிசிக்கு மட்டும், முடிவிலாத் தொடர் ஒருங்குகிறதா என்று பார்க்கிற சோதனைகளையும் போலார் வளைவுகளையும் புதிதாகப் படிக்க வேண்டும். டெய்லர் தொடர் நம் பன்னிரண்டாம் வகுப்புப் புத்தகத்தில் தலைகாட்டுகிறது, அது போதாது.

ஆனால் நம் பிள்ளைகள் அடிபடுவது பாடத்தில் இல்லை, விடை எழுதுகிற விதத்தில். ஒரு கணக்குப் போட்டுக் காட்டுகிறேன்.

தோட்டத்துத் தொட்டியில் காலை 6 மணிக்கு 5,000 லிட்டர் தண்ணீர் இருக்கிறது. கிணற்று மோட்டார் மணிக்கு 2,000 லிட்டர் வேகத்தில் தொடங்கி, கிணறு வற்ற வற்ற, ஒவ்வொரு மணிக்கும் 200 லிட்டர் வீதம் சீராகக் குறைகிறது. சொட்டு நீருக்கு மணிக்கு 1,200 லிட்டர் போய்க்கொண்டே இருக்கிறது. மதியம் 2 மணிக்குள் தொட்டியில் தண்ணீர் மிக அதிகமாக இருந்தது எப்போது, எவ்வளவு?

வருகிற வேகமும் போகிற வேகமும் சமமாவது நான்கு மணி நேரம் கழித்து, அதாவது காலை 10 மணிக்கு. நம் பிள்ளை இதைச் சட்டென்று கண்டுபிடித்து, இரண்டாம் வகைக்கெழு குறை எண், ஆகவே பெருமம், 6,600 என்று எழுதிக் கோடு போட்டுவிடும். நம் பொதுத்தேர்வில் அதற்கு முழு மதிப்பெண் கிடைத்துவிடும். ஏபி திருத்துகிறவரோ, இரண்டாம் வகைக்கெழு அந்தப் புள்ளியின் அக்கம்பக்கத்தைத்தானே சொல்கிறது, முழு நேரத்துக்கும் இதுதான் பெருமம் என்பதற்கு என்ன காரணம் என்று பார்ப்பார். 6 மணிக்கு 5,000, 2 மணிக்கு மறுபடி 5,000, 10 மணிக்கு 6,600 என்று மூன்றையும் கணக்கிட்டு ஒப்பிட வேண்டும். இல்லையென்றால், 10 மணிக்கு முன்பு முழுவதும் ஏறிக்கொண்டிருந்தது, பின்பு முழுவதும் இறங்கிக்கொண்டிருந்தது என்று ஒரு வரி எழுத வேண்டும். அப்புறம் ‘லிட்டர்’. அலகை விட்டாலும் மதிப்பெண் போகும்.

புத்தகப் பயிற்சிக் கணக்குகளையே எடுத்து, ஒவ்வொரு விடைக்குக் கீழும் ‘ஏனென்றால்’ என்று தொடங்கி ஒரு வாக்கியம் எழுதிப் பழகு. புதுப் புத்தகம் வாங்குவதற்கு முன் இதைச் செய்.

அந்தியூர், அரசுப் பள்ளி மாணவர்: தமிழ் வழியில் படிக்கிறேன் டீச்சர். எனக்கு இதெல்லாம் சரிப்படுமா?

சரிப்படும் தம்பி. ஏபிக்கு மெனக்கெட வேண்டாம், செலவு அதிகம். என்பிடெல் பார். ஐஐடிகளும் பெங்களூரு ஐஐஎஸ்சியும் சேர்ந்து நடத்துகிற கல்லூரிப் பாடங்கள். சேர்ந்து படிக்கக் காசு வேண்டாம், சான்றிதழ் வேண்டுமென்றால் மட்டும் தேர்வுக் கட்டணம். பல பாடங்களுக்கு விரிவுரையின் தமிழ் எழுத்து வடிவமும் உண்டு. 4, 8, 12 வாரம் என்று பாடங்கள் இருக்கும். முதலில் 4 அல்லது 8 வாரப் பாடம் ஒன்றை எடு. ஜூலையில் தொடங்குவது உனக்குத் தோது. ஜனவரியில் தொடங்குவது பொதுத்தேர்வு நேரத்தில் வந்து இடிக்கும்.

மொழிக்கு ஒரு வழி சொல்கிறேன். நம் கணக்குப் புத்தகம் தமிழ், ஆங்கிலம் இரண்டிலும் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. பாட வரிசையும் ஒன்று, எடுத்துக்காட்டுகளின் எண்ணும் ஒன்று. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, நீ ஏற்கெனவே போட்டு முடித்த கணக்கை ஆங்கிலத்தில் வாசி. அகராதி தேவைப்படாது.

பெருந்துறை: என்பிடெல் சான்றிதழைப் பிற்பாடு காலேஜில் கிரெடிட்டாக மாற்றிக்கொள்ளலாமா?

கிரெடிட் என்றால் பட்டத்துக்குக் கணக்கில் சேர்கிற பாட மதிப்பு. அப்படி மாற்றித் தர வேண்டிய கட்டாயம் கல்லூரிக்கு இல்லை. கல்லூரியில் சேர்ந்த பிறகு, அவர்கள் ஒப்புதலோடு எடுக்கிற பாடத்துக்குத்தான் கிரெடிட் முறை. இப்போது வாங்குவதை, பாடம் தெரிந்ததற்கு ஓர் அத்தாட்சி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

நாமக்கல் ஹாஸ்டலில் மகளைச் சேர்த்திருக்கும் ஒரு அப்பா: அங்கே பதினொன்றிலேயே பன்னிரண்டாம் பாடத்தை ஆரம்பித்துவிட்டார்கள். இதுவும் ஒரு முன்கூட்டிய படிப்புதானே? கூடவே கல்லூரிப் பாடமும் எடுக்கட்டுமா?

இல்லைங்க. அது முன்கூட்டிப் படிப்பது ஆகாது, ஒரு வருஷத்தைத் தாண்டிக் குதிப்பது. மேலே சொன்ன எல்லை, தொடர்ச்சி, வகையீடு எல்லாம் பதினொன்றில்தான் இருக்கின்றன. அதைத் தொடாமல் பன்னிரண்டாம் பாடத்தை இரண்டு வருஷம் உருப்போட்ட பிள்ளை பொதுத்தேர்வில் நூறு வாங்கும். இன்ஜினியரிங் முதல் செமஸ்டர் கணக்கில் அரியர் வைக்கும். நம் பக்கத்தில் இது புதிதல்ல. 2017-18இல் பதினொன்றாம் வகுப்புக்குப் பொதுத்தேர்வு கொண்டுவந்ததே இதைத் தடுக்கத்தான். 2025-26இலிருந்து அதை எடுத்துவிட்டார்கள். பழையபடி ஆகும் என்பது என் பயம்.

மகளுக்குக் கல்லூரிப் பாடம் இப்போது வேண்டாம். விடுமுறைக்கு வரும்போது பதினொன்றாம் வகுப்புக் கணக்குப் புத்தகத்தைக் கையில் கொடுங்க.

திருப்பூர், காமர்ஸ் குரூப்: எங்களுக்கு ஒன்றுமே இல்லையா அக்கா?

உங்களுக்குத்தான் கண்ணு உருப்படியானது இருக்கிறது. சிஏ ஃபவுண்டேஷன், அதாவது பட்டயக் கணக்காளர் படிப்பின் முதல் படி. பத்தாவது முடித்ததும் தற்காலிகமாகப் பதிந்துகொண்டு படிக்க ஆரம்பிக்கலாம், பன்னிரண்டாம் பொதுத்தேர்வு எழுதிய பிறகு தேர்வெழுதலாம். நான்கு தாள், தலா 100. ஒவ்வொன்றிலும் 40, மொத்தத்தில் பாதி வேண்டும். இரண்டு தாள் கொள்குறி வகை, தவறான விடைக்குக் கால் மார்க் கழியும். அக்கவுண்டன்சி பாடத்தில் நல்ல பிள்ளைகள்கூட கணக்கு, புள்ளியியல் தாளில் விழுகிறார்கள். வணிகக் கணிதம் எடுத்திருந்தால் பாதிக் கிணறு தாண்டியாயிற்று. ஈரோடு, திருப்பூர், கோவை மூன்றிலும் சிஏ இன்ஸ்டிடியூட்டின் கிளை இருக்கிறது. ஏஜென்ட் யாரையும் பார்க்காமல் நேரே அங்கே போய் விசாரி.

உடுமலை: ஐஐடி மெட்ராஸ் ஆன்லைன் டிகிரிக்குப் பதினொன்றிலேயே விண்ணப்பிக்கலாம்னு சொல்றாங்களே, நிஜமா?

நிஜம். டேட்டா சயின்ஸ் பிஎஸ் படிப்பு 2020இல் தொடங்கியது, ஜேஇஇ வேண்டாம். பதினொன்றாம் வகுப்புத் தேர்வு எழுதியவர்கள் தகுதிச் சுற்றுக்கு வரலாம். நான்கு வாரம் ஆங்கிலம், கணக்கு, புள்ளியியல், கணினிச் சிந்தனை என்று நான்கு பாடம் நடத்தி, வாராவாரம் பயிற்சி கொடுத்து, பிறகு நேரில் தேர்வு வைப்பார்கள். தேறினால் இடம் இருக்கும், ஆனால் பன்னிரண்டு முடித்த பிறகுதான் சேர முடியும். குடும்ப வருமானத்தைப் பொறுத்துக் கட்டணச் சலுகை உண்டு. பள்ளிப் பிள்ளைகளுக்கு நான் தயங்காமல் சொல்கிற ஒன்று இதுதான். நுழைவுத் தேர்வுக்கு முன்னால் பாடத்தையே நடத்திக் காட்டிவிடுகிறார்கள், பிடிக்கிறதா இல்லையா என்று பிள்ளைக்கே தெரிந்துவிடும்.

தாராபுரம்: திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் இப்போதே டிகிரி முடித்துவிட்டால் டிஎன்பிஎஸ்சி சீக்கிரம் எழுதலாமே?

வேண்டவே வேண்டாம். பத்து, பன்னிரண்டு முடிக்காமல் வாங்கிய திறந்தநிலைப் பட்டம் தமிழ்நாடு அரசு வேலைக்குச் செல்லாது. யார் சொல்லியிருந்தாலும் பணம் கட்டாதீர்கள்.

காங்கேயம், ஒரு தாத்தா: பேரன் டெக்சாஸில் படிக்கிறானுங்க. டூயல் கிரெடிட்டா, ஏபியான்னு வீட்டில் ஒரே சண்டை. எது நல்லதுங்க?

ஐயா, டூயல் கிரெடிட் என்றால் அங்கே பக்கத்துக் கம்யூனிட்டி காலேஜின் பாடத்தையே பள்ளியில் இருந்தபடி படிப்பது. ஒரு தேர்வை நம்பி இல்லாமல் பருவம் முழுக்கப் படித்ததற்குக் கிரேடு வரும். டெக்சாஸ் அரசுப் பல்கலைக்கழகத்தில் சேர்வான் என்றால் அடிப்படைப் பாடங்களின் கிரெடிட் அப்படியே கூட வரும். வேறு மாநிலத்துத் தனியார் பல்கலைக்கழகம் என்றால் ஏபிதான் பொதுவாகச் செல்லுபடி. அதிலும் இடத்துக்கு இடம் வித்தியாசம் உண்டு. அமெரிக்காவின் எம்ஐடி (மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகம்), கால்குலஸ் பிசியில் 5 எடுத்தால்தான் முதல் கால்குலஸ் பாடத்துக்குக் கிரெடிட் தருகிறது, 4க்கு ஒன்றுமில்லை.

ஒன்றை மட்டும் பேரனிடம் சொல்லிவையுங்க. டூயல் கிரெடிட்டில் ‘சி’ வாங்கினால் அது கல்லூரி மதிப்பெண் பட்டியலில் நிரந்தரமாக ஏறிவிடும், பின்னால் மேற்படிப்புக்கு விண்ணப்பிக்கும்போதும் காட்ட வேண்டும். ஏபியில் குறைந்தால் அந்த மதிப்பெண்ணைக் காலேஜ் போர்டிடம் சொல்லி ரத்து செய்துவிடலாம்.

கோபி: பன்னிரண்டாவதில் நீட், ஏபி பயாலஜி இரண்டும் எழுதலாம்னு இருக்கேன். முடியுமா டீச்சர்?

நாட்காட்டியை எடுத்து வைத்துப் பார். பொதுத்தேர்வு மார்ச். நீட் அண்மை ஆண்டுகளில் மே முதல் ஞாயிறு. ஏபி மே முதல் இரண்டு வாரம். ஏபியை இந்த வருஷமே, பதினொன்று முடிகிற மே மாதத்தில் எழுது. அது தவறிவிட்டால் விட்டுவிடு, நீட்டை மட்டும் பார்.