பேங், பூம், பிளாஸ்ட்: எல்லாமே 'பெருஞ்சத்தம்' தானா?

கேள்வி: ஆங்கிலச் செய்திகளைத் தமிழில் எழுதித் தரும் வேலையில் இருக்கிறேன். பேங், பூம், பிளாஸ்ட், க்ராஷ் எது வந்தாலும் 'பெருஞ்சத்தம்' என்றே எழுதி வருகிறேன். இது சரியா?
— வாசகர், ஈரோடு

பதில்: சரியில்லை. இந்தச் சொற்கள் சத்தம் எவ்வளவு பெரியது என்பதைவிட, அது எதிலிருந்து வந்தது, எவ்வளவு நேரம் நின்றது என்பதைத்தான் அதிகம் சொல்கின்றன. 'பெருஞ்சத்தம்' என்று எழுதியவுடன் அதெல்லாம் போய்விடுகிறது.

பேங் சட்டென்று வந்து சட்டென்று முடிவது. காற்றில் கதவு அடித்துக்கொள்வது, டயர் வெடிப்பது எல்லாம் பேங். நம் 'படார்', 'டமார்' இதற்கு நன்றாகப் பொருந்தும். பூம் அடிக்குரலில் வந்து கொஞ்ச நேரம் அதிர்ந்துகொண்டே இருப்பது, பீரங்கி மாதிரி, பெரிய முரசு மாதிரி. அதற்கு 'முழக்கம்' என்ற அருமையான சொல் நம்மிடம் இருக்கிறது. க்ராஷ் என்றால் ஏதாவது மோதியிருக்க வேண்டும், அல்லது உடைந்து சிதறியிருக்க வேண்டும். கண்ணாடித் தம்ளர்கள் அடுக்கிய தட்டு கைநழுவினால் க்ராஷ், அரிசி மூட்டை விழுந்தால் அது வெறும் தட் (thud), நம் 'தொப்'.

பிளாஸ்டில்தான் அதிகம் தவறு நடக்கிறது. அந்தச் சொல்லின் பழைய பொருள் பலமான காற்று வீச்சு. இரும்பு உருக்கும் பிளாஸ்ட் ஃபர்னஸில் இருப்பதும் உள்ளே ஊதப்படும் காற்றுதான், வெடிப்பு இல்லை. வெடிவிபத்துச் செய்தியில் பிளாஸ்ட் என்று வரும்போது சத்தத்தோடு அந்த அழுத்த அலையும் சேர்ந்தே இருக்கிறது. தூரத்து வீட்டு ஜன்னல் கண்ணாடியை நொறுக்குவது அதுதான். ரயில் ஹாரனின் பிளாஸ்ட் என்று வந்தால் அது ஓங்கி ஒலித்தது, அவ்வளவுதான். அப்புறம் ஒன்று, இதைத் தயவுசெய்து கவனியுங்கள்: நேரில் பார்த்தவர் 'பேங் என்று பலமாகக் கேட்டது' என்று மட்டும் சொல்லியிருக்கும்போது நாம் 'குண்டு வெடித்தது' என்று எழுதினால், அவர் சொல்லாததை அவர் பேரில் எழுதுகிறோம். வெடித்தது டிரான்ஸ்ஃபார்மராக இருக்கலாம், காஸ் சிலிண்டராக இருக்கலாம். ஏற்கெனவே பயந்துபோயிருக்கும் ஊரில் இந்த ஒரு சொல் வதந்தியாகப் பரவிவிடும்.

தூரமும் சொல்லை மாற்றும். மின்னல் பல கிலோமீட்டர் நீளம் போகக்கூடியது என்பதால் அதன் ஒவ்வொரு பகுதியிலிருந்தும் சத்தம் வேறு வேறு நேரத்தில் நம்மிடம் வருகிறது, போதாததற்கு வரும் வழியில் கூர்மையான ஒலிகளைக் காற்று அதிகமாக உறிஞ்சிவிட்டு அடிக்குரல் ஒலிகளை மட்டும் விட்டுவைக்கிறது. அதனால் பக்கத்தில் விழுந்த இடி க்ராக் அல்லது க்ளாப், தூரத்து இடி ரம்பிள். நாமும் முதலாவதை 'படீரென்று இடித்தது' என்கிறோம், இரண்டாவதை 'வானம் உறுமுகிறது' என்கிறோம். 1883 ஆகஸ்ட் 27 அன்று இந்தோனேசியாவின் கிரகட்டோவா எரிமலை வெடித்தபோது சுமார் 4,800 கிலோமீட்டர் தள்ளி இந்தியப் பெருங்கடலில் இருக்கும் ரோட்ரிக்ஸ் தீவில்கூடச் சத்தம் கேட்டது. அங்கிருந்த காவல் அதிகாரி அதைத் தொலைவில் முழங்கும் பெரிய பீரங்கிகளின் ரோர் என்றுதான் பதிவு செய்தார், பேங் என்று அல்ல. அவ்வளவு தூரம் வந்த சத்தத்துக்கு ரோர்தான் பொருத்தமான சொல்.

அளவும் அப்படித்தான். சாட்டையின் நுனி ஒலியைவிட வேகமாகப் போவதால் சொடுக்குகிறது. போர் விமானம் ஒலியைவிட வேகமாகப் பறக்கும்போது வருவதும் அதே வகைச் சத்தம்தான். ஆனால் சாட்டைக்கு க்ராக், விமானத்துக்கு சானிக் பூம்.

டின், ஹபப், அப்ரோர் இவையெல்லாம் வேறு கூட்டம், ஒற்றைச் சத்தமே அல்ல. டின் (din) என்பது காதைத் துளைக்கும் ஓயாத இரைச்சல், ஹபப் கூட்டத்தின் சலசலப்பு, அப்ரோர் அமளி.

கேள்வி: அப்படியானால் பிரபஞ்சத்தின் தொடக்கத்துக்கு வைத்த 'பிக் பேங்' என்ற பெயர் தவறா? சத்தமே இல்லையே?
— வாசகி, திருநெல்வேலி

பதில்: பெயர் பொருத்தமில்லாததுதான். 1949இல் பிபிசி வானொலி உரையில் அதை வைத்தவர் வானியலாளர் ஃபிரெட் ஹாய்ல். அவரோ அந்தக் கோட்பாட்டை ஏற்காதவர். ஓர் இடத்தில் குண்டு வெடித்ததுபோல எதுவும் நடக்கவில்லை, விண்வெளிதான் எல்லா இடத்திலும் விரிந்தது. அதனால் 'பெருவெடிப்பு' என்ற தமிழ்ப் பெயரும் அதே குழப்பத்தைக் கொண்டுவருகிறது, ஆனால் பழகிவிட்டது, மாற்ற வேண்டியதில்லை. 'சத்தமே இல்லை' என்பதை மட்டும் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். முதல் 3,80,000 ஆண்டுகள் அளவுக்குப் பிரபஞ்சம் சூடான, அடர்ந்த பிளாஸ்மாவாக, அதாவது மின்னூட்டம் கொண்ட துகள்களின் கலவையாக இருந்தது, அதற்குள் ஒலி அலைகள் உண்மையிலேயே ஓடின. அவற்றின் தடத்தை, அந்தக் காலத்தின் மிச்ச ஒளியான நுண்ணலைப் பின்னணிக் கதிர்வீச்சில் விஞ்ஞானிகள் அளந்திருக்கிறார்கள்.