உண்டியல் உடைத்த பிள்ளைகள்

அன்புள்ள ஐயா,

முதல் உலகப்போர்க் காலத்து அமெரிக்கச் சுவரொட்டிகளைப் பற்றிய உங்கள் கட்டுரையைப் படித்தேன். பிள்ளைகளிடம் சேமிப்பைக் கேட்டதை 'அத்துமீறல்' என்று எழுதியிருந்தீர்கள். அது கொஞ்சம் அதிகமாகத் தோன்றியது. 1962-இல் சீனப் போர் வந்தபோது என் அம்மா ஐந்தாம் வகுப்பு. மண் உண்டியலை உடைத்து, பள்ளியில் பாதுகாப்பு நிதிக்குக் கொடுத்ததை இன்றும் பெருமையாகச் சொல்வார். சேமிப்பையும் நாட்டுப்பற்றையும் சொல்லிக்கொடுத்ததில் என்ன தவறு?

ஒரு வாசகி, மதுரை

அன்புள்ள வாசகிக்கு,

உங்கள் அம்மாவின் பெருமையில் ஒரு குறையும் இல்லை. தன்னிடம் இருந்ததை எல்லாம் எடுத்துக் கொடுத்த குழந்தை அவர். அப்படிப்பட்ட குழந்தைகளிடம் கேட்டு வாங்கிய பெரியவர்களைப் பற்றித்தான் எனக்குக் கேள்வி.

நான் எழுதிய சுவரொட்டியை வரைந்தவர் ஜேம்ஸ் மாண்ட்கோமரி ஃபிளாக். விரல் நீட்டிப் படைக்கு ஆள் சேர்த்த அங்கிள் சாமை, அதாவது அமெரிக்க அரசை உருவகப்படுத்தும் தாடிக் கிழவரை, வரைந்த அதே ஓவியர். இதில் அதே அங்கிள் சாம் பிள்ளைகளோடு நிற்கிறார். போரை ஜெயிக்க உதவலாம், கால் டாலர்களைச் சேமித்துப் போர்ச் சேமிப்புத் தலை (அஞ்சல்தலை போன்ற ஒட்டுச் சீட்டு) வாங்குங்கள் என்கிறது வாசகம். கால் டாலர் என்றால் 25 சென்ட், நம் நாலணா மாதிரி. அட்டையில் 25 சென்ட் தலைகள் 16 ஒட்டினால் 4 டாலர். அதோடு 1918 ஜனவரியில் 12 சென்ட் சேர்த்துக் கொடுத்தால், 1923 ஜனவரி 1 அன்று 5 டாலராகும் தலை ஒன்று கிடைக்கும். சரி, இதுவரை நல்ல சேமிப்புத் திட்டம்தான்.

ஆனால் இந்தச் சில்லறையால் எவ்வளவு கிடைத்தது? 1918-க்கு வைத்த இலக்கு 200 கோடி டாலர். பெரியவர்கள் வாங்கியதையும் சேர்த்து அதில் ஏறக்குறைய பாதிதான் வந்தது. போர்க் கடன் பத்திரங்கள் கொண்டுவந்ததோ அதைப் போலப் பல மடங்கு. குழந்தையின் காசைவிட, குழந்தை வழியாக வீட்டுக்குள் நுழைவதுதான் முக்கியமாக இருந்தது என்று நினைக்கிறேன். பிள்ளை அட்டையோடு வந்து நின்றால் எந்த அப்பா மறுப்பார்? மிட்டாய்க்கும் துணிக்கும் போகும் பணம் குறைந்தால், அந்தப் பொருளும் உழைப்பும் போருக்குத் திரும்பும். இந்தக் கணக்கு பெரியவர்களுக்குப் புரிந்தது. பிள்ளைகளுக்குச் சொல்லப்பட்டதோ, உன் காசில்தான் வெற்றி இருக்கிறது என்று.

ஜெர்மனியை நினைத்தால்தான் எனக்கு மனம் பொறுப்பதில்லை. அங்கே 1914-லிருந்து 1918 வரை ஒன்பது முறை போர்க் கடன் திரட்டினார்கள், 5 சதவீத வட்டியில். மொத்தம் 9,000 கோடி மார்க்குக்கும் மேல். பத்திரம் வாங்கக் குறைந்தது 100 மார்க் வேண்டும். ஒரு பிள்ளையால் முடியாது. அதனால் பள்ளிகளிலேயே சிறுகச் சிறுகச் சேர்த்தார்கள். வீடு வீடாகப் போய்த் தங்க நாணயம் கேட்டு வாங்கவும் மாணவர்களை அனுப்பினார்கள். வாங்கிய தங்கத்துக்கு ஈடாகக் கொடுத்தது காகித நோட்டு.

அப்புறம் 1923. அமெரிக்கச் சிறுவனின் சேமிப்புத் தலைக்கு 5 டாலர் கைக்கு வந்த அதே வருஷம். நவம்பரில் ஒரு டாலரின் விலை 4.2 லட்சம் கோடி மார்க். பத்து வயதில் பெருமையோடு 100 மார்க் சேர்த்த பையன் இருபதை நெருங்கும்போது, அந்தப் பத்திரம் ஒரு ரொட்டித் துண்டுக்குக்கூடக் காணாது. 1925-இல் ஒரு சட்டம் போட்டு, பழைய பத்திரங்களைக் கைவிடாமல் வைத்திருந்தவர்களுக்கு நூற்றுக்குப் பன்னிரண்டரை என்று ஈடு கட்டினார்கள்.

இரண்டு நாட்டுப் பிள்ளைகளிடமும் ஒரே வார்த்தையைத்தான் சொன்னார்கள்: நாட்டிடம் கொடு, பத்திரமாக இருக்கும். தோற்றால் என்ன ஆகும் என்று எந்தச் சுவரொட்டியும் சொல்லவில்லை. வட்டி தெரியாத, போர் ஏன் என்று தெரியாத, வாத்தியார் கேட்டால் மாட்டேன் என்று சொல்ல முடியாத ஒருவரிடம் கடன் கேட்பதை வேறு எந்தச் சொல்லால் எழுதுவது? 'அத்துமீறல்' என்பதை நான் மாற்றப் போவதில்லை.

அம்மா கொடுத்தது கடன் இல்லை, நன்கொடை. திரும்ப வரும் என்று யாரும் அவருக்கு ஆசை காட்டவில்லை. அந்த வித்தியாசத்தை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் வகுப்பறை ஒன்றுதான். அன்று அவர் உண்டியலைக் கொண்டுபோனபோது, கொடுக்க எதுவும் இல்லாமல் உட்கார்ந்திருந்த பிள்ளைகளும் இருந்திருப்பார்கள். அவர்களில் யாரையாவது அவருக்கு நினைவிருக்கிறதா என்று கேட்டு எழுதுங்கள்.