விளக்கு எரிந்தால் வோல்ட்டேஜ் விழுகிறது: ஸ்டெபிலைசர் வாங்கலாமா?

கோத்தகிரி வாசகர் ஒருவர் கேட்கிறார்: ப்ரோ மைக்ரோ என்கிற சின்ன மைக்ரோகன்ட்ரோலர் போர்டை வைத்து நானே ஒரு மிடி கன்ட்ரோலர் (கணினியின் இசை மென்பொருளை இயக்கும் குமிழ்-பட்டன் பெட்டி) செய்திருக்கிறேன். எட்டு குமிழ், பதினாறு பட்டன், ஒவ்வொரு பட்டனுக்கு அடியிலும் ஒரு டபிள்யூஎஸ்2812 கலர் எல்இடி. லேப்டாப் யுஎஸ்பியில்தான் ஓடுகிறது. எல்லா விளக்கும் வெள்ளையாக எரியும்போது 5 வோல்ட் வர வேண்டிய இடத்தில் மீட்டர் 4.2 காட்டுகிறது. தொடாத குமிழின் அளவு தானாக ஆடுகிறது; சில சமயம் யுஎஸ்பியே துண்டித்துக்கொள்கிறது. எங்கள் பக்கம் சாயங்காலமானால் லோ வோல்ட்டேஜ்தான். ஸ்டெபிலைசர் வாங்கலாமா?

வேண்டாம், காசை மிச்சம் பிடியுங்கள். லேப்டாப்பின் சார்ஜரைக் கழற்றிவிட்டு பேட்டரியில் ஓட்டிப் பாருங்கள். அப்போதும் அதே 4.2 வந்தால் லைனுக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. பெரும்பாலும் அப்படித்தான் வரும். லேப்டாப் சார்ஜர்கள் 100 முதல் 240 வோல்ட் வரை வாங்கிக்கொள்ளும். ஃபிரிட்ஜ் திணறுகிற நேரத்திலும் அவை பாட்டுக்கு வேலை செய்யும். மலையில் எது மக்கர் செய்தாலும் லைன் மேல் பழி போட்டே நமக்குப் பழகிவிட்டது.

உங்கள் விளக்குகளின் கணக்கைப் பாருங்கள். ஒரு டபிள்யூஎஸ்2812 முழு வெள்ளையில் 60 மில்லிஆம்பியர் வரை இழுக்கும். பதினாறுக்கு 960. சாதாரண யுஎஸ்பி 2.0 போர்ட் தருவதாகச் சொல்வது 500, 3.0 போர்ட்டே 900தான். போதாததற்கு 16 மெகாஹெர்ட்ஸில் ஓடும் உங்கள் சிப்புக்குக் குறைந்தது 4.5 வோல்ட் வேண்டும். 4.2இல் அது இத்தனை நேரம் ஓடியதே பெரிய விஷயம்.

சரி, அந்த 0.8 வோல்ட் எங்கே போகிறது? மீட்டரின் கறுப்பு முனையைக் கிரவுண்டிலேயே (மைனஸ் பக்கத்திலேயே) வைத்து அளக்கும் பழக்கத்தைக் கொஞ்ச நேரம் விடுங்கள். விளக்குகள் முழுதாக எரியட்டும். மீட்டரை 2 வோல்ட் டிசி ரேஞ்சில் வைத்து, ஒரு முனையை யுஎஸ்பியின் 5 வோல்ட் வரும் போர்டின் ரா பின்னிலும் மற்றதை எல்இடி வரிசையின் சிவப்பு ஒயர் ஏறும் இடத்திலும் வையுங்கள். நடுவில் இருப்பது வெறும் ஒயர் என்றால் பூஜ்யத்தை ஒட்டி வர வேண்டும். 0.3 காட்டினால் அந்த 0.3 அங்கேயே தொலைகிறது என்று பொருள். இதே மாதிரி கிரவுண்ட் பக்கமும் அளந்துவிடுங்கள். அந்தப் பக்கத்தைப் பலரும் மறந்துவிடுகிறார்கள். மிச்சம் பெரும்பாலும் யுஎஸ்பி கேபிளில் போயிருக்கும். உள்ளே 28 கேஜ் ஒயர் உள்ள ஒன்றரை மீட்டர் கேபிளில் போக வர சேர்த்து சுமார் 0.64 ஓம். அரை ஆம்பியர் ஓடினாலே 0.3 வோல்ட் காலி. குட்டையான, தடித்த கேபிளை மாற்றிப் பார்ப்பதுதான் முதல் வேலை. எல்இடிக்கான ஒயரை விசிசி பின்னிலிருந்து எடுத்திருந்தால் ராவுக்கு மாற்றுங்கள். விசிசி பல போர்டுகளில் வோல்ட்டேஜைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டர் வழியாக வருகிறது.

குமிழ் ஆடுவதை மட்டும் தனியாகப் பார்க்க வேண்டும். குமிழுக்கும் சிப்பின் அளவீட்டுக்கும் ஒரே 5 வோல்ட்தான் ஆதாரம் என்பதால் இரண்டும் சேர்ந்து இறங்கினால் விகிதம் மாறாது, அளவும் மாறாது. ஆடவைப்பது கிரவுண்ட்தான். மிடியில் குமிழின் அளவுக்கு 128 படி. 5 வோல்ட்டைப் பிரித்தால் ஒரு படிக்குச் சுமார் 39 மில்லிவோல்ட். எல்இடியும் குமிழும் ஒரே கறுப்பு ஒயரில் திரும்பினால், அந்த ஒயரில் 0.1 ஓம் இருந்தாலும் போதும். 400 மில்லிஆம்பியர் ஓடும்போது 40 மில்லிவோல்ட் எழும்பும், ஒரு படி தாவிவிடும். விளக்கு மின்னும்போதெல்லாம் இந்தத் தாவல் நடக்கும். எல்இடியின் கறுப்பு ஒயரைத் தனியாக இழுத்து போர்டின் கிரவுண்ட் பின்னில் நேராகச் சேருங்கள். குமிழ்களுக்கு வேறு ஒயர்.

சால்டர் இல்லாமல் ஒயரைச் செருகும் பிரெட்போர்டில் கட்டியிருக்கிறீர்களா? நீலகிரிப் பனியில் அது கொஞ்ச நாளைக்குத்தான். உள்ளே இருக்கும் கிளிப்பில் பச்சை பிடித்துவிட்டால் எந்த ஒயரைத் தொட்டாலும் அளவு மாறும். ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலால் துடைத்தால் தற்காலிகமாகச் சரியாகலாம், ஆனால் சால்டர் செய்துவிடுவதே நல்லது.

இன்றைக்கே முடிகிற வேலை ஒன்று உண்டு. நிரலில் எல்இடி பிரைட்னஸை 255இலிருந்து 64க்கு இறக்குங்கள். கரண்ட் ஏறக்குறைய கால்வாசியாகிவிடும். இருட்டான மேடைக்கு அந்த வெளிச்சம் தாராளம். என்னைக் கேட்டால் இதோடு நிறுத்திவிடலாம்.

பகல் வெளிச்சத்தில் வாசிக்க முழு வெளிச்சம் வேண்டும்தான் என்றால், எல்இடிக்குத் தனியாக 5 வோல்ட், 2 ஆம்பியர் அடாப்டர் வையுங்கள். அதன் பிளஸ்ஸை போர்டின் ராவிலோ விசிசியிலோ சேர்க்கவே கூடாது. லேப்டாப் போர்ட்டுக்கு ஆபத்து. கிரவுண்டை மட்டும் இணையுங்கள். எல்இடி வரிசையின் தொடக்கத்தில் 1000 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர் ஒன்று, பிளஸ் மைனஸ் கால் மாறாமல். அடாப்டர் இல்லாமல் யுஎஸ்பியிலேயே ஓட்டுவதாக இருந்தால் இவ்வளவு பெரியதைப் போடாதீர்கள். செருகும் நொடியில் அது இழுக்கும் இழுப்பில் போர்ட் பாதுகாப்புக்காக அணைந்துகொள்ளலாம்.