குரங்கு சும்மா உட்கார்ந்திருந்தாலும் எழுதுங்கள்

ஆனைமலைச் சோலைக்காடுகளில் சிங்கவால் குரங்குகளின் பின்னால் நடப்பதே பல ஆண்டுகளாக என் பிழைப்பு. நாங்கள் அவற்றைச் சோலைமந்தி என்போம். காட்டு விலங்குகளின் நடத்தையை எப்படிக் கவனிப்பது, எப்படிக் குறிப்பெடுப்பது என்று பலர் கேட்டிருந்தீர்கள். முடிந்தவற்றுக்குப் பதில் எழுதியிருக்கிறேன். 'புலி பார்க்க எந்த மாதம் நல்லது?' என்று கேட்ட ஏழெட்டுப் பேர் மன்னிக்கவும். அது வேறு கலை.

கேள்வி (முதுகலை விலங்கியல் மாணவி, கோவை): அக்கா, நாட்டுக்குரங்குகளைப் பற்றி ஆய்வேடு தொடங்கியிருக்கிறேன். "முதலில் போய்ப் பார், பார்ப்பதையெல்லாம் எழுது" என்றார் பேராசிரியர். நான்கு நாள் எழுதியாயிற்று. நோட்டு முழுக்கச் சண்டைதான் இருக்கிறது. குரங்குகள் உண்மையிலேயே இவ்வளவு சண்டை போடுமா?

பதில்: குரங்குகளைக் குறை சொல்லாதீர்கள், உங்கள் கண் அப்படி. ஓரிடத்தில் கூச்சல் எழுந்தால் தலை தானாக அங்கே திரும்பிவிடும். அதே நேரத்தில் மற்ற இருபது குரங்குகள் பேன் பார்த்துக்கொண்டும், இலையை மென்றுகொண்டும், வெறுமனே கிளையில் சாய்ந்துகொண்டும் இருக்கும். அவை நோட்டில் ஏறுவதில்லை. என் முதல் பருவத்து நோட்டைப் படித்தால், சோலைமந்திகள் பொழுது விடிந்தது முதல் அடையும்வரை ஒன்றையொன்று கடித்தே காலம் தள்ளுகின்றன என்று நினைப்பீர்கள். இரை தேடுவதிலும் தின்பதிலும் ஓய்விலும்தான் அவற்றின் பகல் பெரும்பாலும் கழிகிறது.

இந்தச் சிக்கலை ஒழுங்குபடுத்தியவர் ஜீன் ஆல்ட்மன். கென்யாவின் அம்போசெலியில் பபூன் குரங்குகளை ஆராய்ந்தவர். யாரை, எப்போது, எவ்வளவு நேரம் பார்ப்பது என்பதைக் காட்டுக்குள் கால் வைக்கும் முன்பே முடிவுசெய்துகொள் என்பதுதான் 1974இல் அவர் வெளியிட்ட கட்டுரையின் சாரம். ஐம்பது ஆண்டு ஆகியும் அதற்கு வயதாகவில்லை.

உங்களுக்கு அதிலிருந்து இரண்டு முறைகள் போதும். ஒன்று, ஒரே விலங்கைத் தொடர்வது. காலையிலேயே சீட்டுக் குலுக்கி வரிசை போட்டுக்கொள்ளுங்கள். முதல் சீட்டில் வந்த பெண் குரங்கைப் பத்து நிமிடம் பாருங்கள், அதை மட்டும். பக்கத்து மரத்தில் தலைவன் எவனையோ துரத்தினாலும் திரும்பக் கூடாது. பழகும்வரை கழுத்து வலிக்காது, மனம்தான் வலிக்கும். மற்றொன்று, கூட்டத்தை அலசுவது. கால் மணி நேரத்துக்கு ஒருமுறை இடக்கோடியிலிருந்து வலக்கோடிவரை கண்ணை ஓட்டி, ஒவ்வொரு குரங்கும் கண்ணில் பட்ட அந்த நொடியில் என்ன செய்துகொண்டிருந்தது என்று ஒரே சொல்லில் குறித்துக்கொண்டு போவது. கூட்டம் பொழுதை எப்படிக் கழிக்கிறது என்று அறிய அலசல் நல்லது. யார் யாருக்கு எவ்வளவு நேரம் பேன் பார்க்கிறார்கள் என்று அறியத் தொடர்வதுதான் வழி. சண்டை அரிதானது, ஆனால் சத்தமானது. அதற்குத் தனிப் பக்கம் ஒதுக்கி எல்லாவற்றையும் எழுதுங்கள். நேரக் கணக்கோடு மட்டும் அதைக் கலந்துவிடாதீர்கள்.

இன்னொன்று. தொடரும் குரங்கு இலைக்குள் மறைந்துவிட்டால் 'காணவில்லை' என்று எழுதுங்கள். அந்தக் கட்டத்தை நிரப்ப வெட்கப்பட்டு, அடுத்த குரங்குக்குத் தாவும் மாணவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். மறைவில் போய்ச் செய்யும் காரியங்கள் குரங்குக்கும் உண்டு. 'காணவில்லை' எத்தனை நிமிடம் என்று தெரியாவிட்டால், கண்டதின் கணக்கும் பொய்யாகிவிடும்.

கேள்வி (பள்ளி ஆசிரியர், மதுரை): நானும் நண்பரும் ஒரே கூட்டத்தைப் பார்த்தோம். அவர் 'விளையாட்டு' என்று எழுதியதை நான் 'சண்டை' என்று எழுதியிருக்கிறேன். யார் சொல்வது சரி?

பதில்: இருவரும் பார்க்கத் தொடங்கும் முன் நடத்தைப் பட்டியல் ஒன்று போட்டிருக்க வேண்டும். அதில் 'சண்டை: கோபமாக மோதுதல்' என்று எழுதினால் பயனில்லை. கோபம் வெளியே தெரியாது, உடம்புதான் தெரியும். 'வாய் தளர்ந்து திறந்திருக்கிறது, சத்தமில்லை, துரத்தியவனே அடுத்த நிமிடம் துரத்தப்படுகிறான்' என்றால் விளையாட்டு. 'அலறல், ஒரே திசையில் துரத்தல், தோற்றவன் விலகி உட்கார்கிறான்' என்றால் சண்டை. பட்டியல் தயாரானதும் ஒரே குரங்கை ஒரே நேரத்தில் இருவரும் பேசிக்கொள்ளாமல் குறித்து, பிறகு ஒப்பிடுங்கள். பொருந்தாத சொற்களைத் திருத்துங்கள். அதுவரை எழுதியதெல்லாம் பயிற்சிக் கணக்கு.

கேள்வி (ஓய்வுபெற்ற வங்கி ஊழியர், திருச்சி): நீங்கள் பக்கத்தில் நிற்கும்போது விலங்கு இயல்பாக இருக்கும் என்று எப்படி நம்புவது?

பதில்: நல்ல கேள்வி ஐயா. நம்பக் கூடாது என்பதுதான் பாதிப் பதில்.

மனிதருக்குப் பழக்குவது என்று ஒரு கட்டம் உண்டு. ஒரே நிற உடையில், ஒரே நேரத்தில், தின்னக் கொடுக்காமல், துரத்தாமல் தினமும் போய் நிற்க வேண்டும். முதலில் நம்மைக் கண்டதும் ஓடும். பிறகு கத்தும். பிறகு பார்க்கும். கடைசியில் நம்மை ஒரு மரக்கட்டையாக்கிவிட்டுத் தன் வேலையைப் பார்க்கும். சில விலங்குகளுக்கு மாதங்கள் ஆகும், கொரில்லாவுக்கு ஆண்டுகள்கூட ஆகும். எங்கள் காட்டில் இதைக் கற்றுக்கொடுத்தவர் காடர் சமூகத்து வழிகாட்டி ஒருவர். "முகத்தைப் பார்க்காதே அம்மா, பக்கத்து மரத்தைப் பார்" என்பார். குரங்குக்கு நேர்ப்பார்வை மிரட்டல். எத்தனை பாடம் படித்திருந்தாலும் இது எனக்கு அவர் சொல்லித்தான் உறைத்தது.

குறுக்குவழியும் உண்டு, அதன் விலை அதிகம். ஜேன் குடால் 1960இல் தான்சானியாவின் கோம்பேக்குப் போனார். சிம்பன்சிகள் அவரைக் கண்டு விலகி ஓடிய காலம் நீண்டது. புல் தண்டைக் கருவியாக்கிச் சிம்பன்சி கரையான் பிடிப்பதை அந்த ஆண்டிலேயே கண்டார் என்பது பலருக்குத் தெரிந்த கதை. பிறகு முகாமில் வாழைப்பழம் வைத்து அவற்றை வரவழைத்தார்கள். கிட்டத்தில் பார்க்க முடிந்தது, உண்மைதான். ஆனால் பழத்தைச் சுற்றிக் கூட்டமும் சண்டையும் பெருகியது. பார்த்த சண்டையில் காட்டினுடையது எவ்வளவு, வாழைப்பழத்தினுடையது எவ்வளவு என்று பின்னாளில் மற்ற ஆய்வாளர்கள் கேட்டார்கள். நியாயமான கேள்வி.

வேறு இரண்டு ஆபத்துகளும் உண்டு. நம் சளியும் காய்ச்சலும் மனிதக் குரங்குகளுக்குத் தொற்றும். மனிதரைக் கண்டு ஓடாத விலங்கு, துப்பாக்கியோடு வரும் மனிதரைக் கண்டும் ஓடாது. வேட்டை நடக்கும் காட்டில் விலங்கைப் பழக்குவது நல்ல காரியமே அல்ல என்பது என் கருத்து.

கேள்வி (விவசாயக் குடும்பத்தவர், வவுனியா): எங்கள் பக்கத்தில் இரவானால் வயலில் யானை. அவை தமக்குள் பேசிக்கொள்கின்றன என்கிறார்கள். காட்டில் நிற்கும் யானையிடம் இதை எப்படிக் கண்டறிகிறார்கள்?

பதில்: இதன் தொடக்கம் காட்டில் இல்லை. 1984இல் அமெரிக்காவின் போர்ட்லண்ட் விலங்குக்காட்சிசாலையில் யானைகளின் அருகே நின்ற ஒலி ஆய்வாளர் கேட்டி பெய்ன், காதில் ஒன்றும் கேட்காமலே காற்று அதிர்வதை உணர்ந்தார். ஒலிப்பதிவு செய்து ஆராய்ந்தபோது, மனிதக் காதுக்கு எட்டாத தாழ்ந்த சுருதியில் யானைகள் ஒலியெழுப்புவது தெரிந்தது. தாழ்ந்த ஒலி மரங்களைத் தாண்டி வெகுதூரம் போகும்.

ஆனால் ஒலி இருக்கிறது என்பது ஒன்று, அதற்குப் பொருள் இருக்கிறது என்பது வேறொன்று. அதற்குத்தான் ஒலிபரப்புச் சோதனை. அம்போசெலியில் வெர்வெட் குரங்குகள் சிறுத்தையைக் கண்டால் ஒரு குரலும், கழுகைக் கண்டால் ஒரு குரலும், பாம்பைக் கண்டால் ஒரு குரலும் கொடுக்கும். சைஃபார்த், செனி, மார்லர் என்ற ஆய்வாளர்கள் மூவரும் ஒலிபெருக்கியைப் புதரில் ஒளித்துவைத்து, எந்த எதிரியும் இல்லாதபோது அந்தக் குரல்களை ஒலிக்கவிட்டார்கள். சிறுத்தைக் குரலுக்கு மரமேறின. கழுகுக் குரலுக்கு மேலே பார்த்தன, புதருக்குள் ஓடின. பாம்புக் குரலுக்கு நிமிர்ந்து நின்று தரையைத் தேடின. 1980இல் வெளிவந்த அந்த ஆய்வைப் படிக்கும்போதெல்லாம் எனக்குச் சிரிப்பும் வரும், பொறாமையும் வரும். எவ்வளவு எளிய யோசனை!

உங்கள் வயலுக்கு நெருக்கமானது 2013இல் வெளிவந்த ஓர் ஆய்வு. தென்னிந்தியாவில் பயிரைத் தேடி இரவில் வரும் யானைகளுக்குப் புலியின் உறுமலையும் சிறுத்தையின் உறுமலையும் ஒலிக்கச் செய்தார்கள். இரண்டுக்கும் யானைகள் பின்வாங்கின. ஆனால் புலிக்குரலுக்குச் சத்தமில்லாமல் நழுவின, சிறுத்தைக்குரலுக்குப் பிளிறி ஆரவாரம் செய்தன. குரலின் சொந்தக்காரனை எடைபோடத் தெரிந்திருக்கிறது.

உங்கள் நாட்டிலேயே உடவளவையில் யானைகளைத் தனித்தனியாக அடையாளம் கண்டு பல ஆண்டுகளாகத் தொடர்கிறார்கள். இலங்கை யானைகளில் தந்தமுள்ளவை மிகக் குறைவு என்பதால் காது விளிம்பின் கிழிசலும் மடிப்பும்தான் அங்கே பெயர்ப்பலகை. நம் ஊர் இளைஞர்களுக்கு ஒரு வேண்டுகோள்: இதைப் படித்துவிட்டுச் செல்போனில் பறவைக் குரலை ஒலிக்கவிட்டுக் கூட்டின் பக்கம் நிற்காதீர்கள். எதிரி வந்துவிட்டான் என்று அது இரை தேடுவதை விட்டுவிட்டு உங்கள் செல்போனோடு சண்டைக்கு வரும்.

கேள்வி (புகைப்பட ஆர்வலர், ஓசூர்): தானியங்கிக் கேமரா வந்த பிறகு மனிதர் எதற்குக் காட்டில் அலைய வேண்டும்?

பதில்: எத்தனை என்ற கேள்விக்குக் கேமரா அருமையான ஆள். புலியின் வரி ஒவ்வொன்றுக்கும் வேறு. அதை வைத்துக் கர்நாடகத்தின் நாகரஹொளேக் காட்டில் புலி ஆய்வாளர் உல்லாஸ் காரந்த் 1990களில் புலிகளைக் கணக்கிட்டுக் காட்டினார். எந்த நேரத்தில் நடமாடுகின்றன என்பதையும் கேமரா சொல்லும். ஆனால் அது ஒரே மரத்தில், முழங்கால் உயரத்தில் கட்டப்பட்ட கண். கடமான் அதைக் கடந்துபோகிறது, சரி, எதற்குப் பயந்து ஓடியது? போய் என்ன செய்தது? உச்சிக் கிளையில் வாழும் சோலைமந்தி அதற்குத் தெரிவதே அபூர்வம். இருப்பிடத்தைக் காட்டும் கருவி பொருத்திய கழுத்துப்பட்டையை விலங்குக்குப் போட்டால் போன இடம் தெரியும், போன காரணம் தெரியாது. பட்டைக்காக மயக்க ஊசி போடுவதும் சின்ன விஷயமல்ல.

கேள்வி (கல்லூரி மாணவர், திண்டுக்கல்): அக்கா, எங்கள் ஊர்ப்பக்கம் தேவாங்கு உண்டு. இரவில் எப்படிப் பார்ப்பது?

பதில்: 2022இல் தமிழக அரசு கடவூர் பகுதியைத் தேவாங்குச் சரணாலயமாக அறிவித்திருக்கிறது. அதனால் முதலில் வனத்துறையின் எழுத்துபூர்வ அனுமதி, பிறகுதான் டார்ச். வெள்ளை ஒளி வேண்டாம், அந்தக் கண் அதற்கானதல்ல. தலைவிளக்கின் மேல் சிவப்பு கண்ணாடித்தாள் ஒட்டிக்கொள்ளுங்கள். மெதுவாக நடந்து மரத்தின் நடுவுயரத்தை அலசினால் இரண்டு புள்ளிகள் ஒளிரும். நடை மெதுவாக இருக்க வேண்டும், அது உங்களைவிட மெதுவாக நகரும். குட்டியொன்று தனியாகக் கிளையைப் பற்றிக்கொண்டிருந்தால் 'அநாதை' என்று எடுத்துவந்துவிடாதீர்கள். தாய் அதை அங்கே நிறுத்திவிட்டுப் பூச்சி பிடிக்கப் போயிருக்கும். பார்த்த இடத்தை வெளியே சொல்லவும் வேண்டாம். மூடநம்பிக்கைக்காக அதைப் பிடிப்பவர்களும் உங்கள் பதிவைப் படிப்பார்கள்.

கேள்வி (இல்லத்தரசி, சேலம்): ஏற்காட்டில் ஒரு குரங்கு செத்த குட்டியைத் தூக்கிக்கொண்டே திரிந்தது. என்னால் மறக்க முடியவில்லை. அதைத் துக்கம் என்று எழுதினால் உங்களைப் போன்றவர்கள் ஏன் முகம் சுளிக்கிறீர்கள்?

பதில்: முகம் சுளிக்கவில்லை அம்மா. நானும் பார்த்திருக்கிறேன், அன்றைக்குக் குறிப்பெடுக்கக் கை ஓடவில்லை. ஆனால் நோட்டில் 'துக்கம்' என்று எழுதினால் மற்ற எல்லாவற்றையும் எழுதாமல் விட்டுவிடுவோம். எத்தனை நாள் சுமந்தது? எந்தக் கையில்? ஈயை ஓட்டியதா? இரை தேடும்போது கீழே வைத்ததா? மற்றவை கிட்டே வந்தனவா? இவையெல்லாம் இருந்தால் நாளைக்கு வேறொருவர் துக்கமா இல்லையா என்று கேட்க முடியும்.

அவசரப் பெயரால் வந்த வினைக்கு ஒரு கதை சொல்கிறேன். கர்நாடகத்தின் தார்வாடு அருகே 1962இல் யுகிமாரு சுகியாமா என்ற ஜப்பானிய ஆய்வாளர், அனுமன் மந்திக் கூட்டமொன்றை (சோலைமந்தி அல்ல, நீண்ட வாலுள்ள சாம்பல் நிறக் குரங்கு) வெளியிலிருந்து வந்த ஆண்கள் கைப்பற்றியதையும் அதைத் தொடர்ந்து குட்டிகள் கொல்லப்பட்டதையும் பதிவுசெய்தார். நெருக்கடியில் வாழும் குரங்குகளின் கோளாறு என்று பலர் அதைத் தள்ளிவிட்டார்கள். சாரா ஹர்டி என்ற அமெரிக்க ஆய்வாளர் 1971 முதல் ராஜஸ்தானின் அபு மலையில் அதே இனத்தைப் பார்த்து வேறு விளக்கம் சொன்னார்: முந்தைய ஆணின் குட்டி போனால் தாய் சீக்கிரம் மறுபடி சினைக்குத் தயாராகும், புதிய ஆணுக்கு அது ஆதாயம். ஆண்டுக்கணக்கில் வாதம் நடந்தது. நேபாளத்தின் ராம்நகரில் குரங்குகளின் எச்சத்திலிருந்து டி.என்.ஏ. எடுத்துப் பார்த்த ஆய்வு 1999இல் வந்தது. குட்டிகளைத் தாக்கிய ஆண்கள் அவற்றின் தந்தையர் அல்ல என்று தெரிந்தது. 'வெறி' என்று எழுதி நோட்டை மூடியிருந்தால் எச்சத்தைப் பொறுக்க யாரும் போயிருக்க மாட்டார்கள்.

கேள்வி (பலர்): என்னென்ன கருவி வாங்க வேண்டும்?

பதில்: எட்டு மடங்கு பெருக்கும் பைனாகுலர், கைக்கடிகாரம், கெட்டி அட்டை நோட்டு, பென்சில். பேனா மழையில் அழும். வால்பாறைப் பக்கம் வந்தால் அட்டைக்கடிக்குத் துணிக் காலுறை.

கேள்வி (அரசுப் பள்ளி ஆசிரியை, தஞ்சாவூர்): எங்கள் ஊரில் காடே இல்லை. பிள்ளைகள் எதைப் பார்ப்பார்கள்?

பதில்: தவிட்டுக்குருவி இருக்கிறதே டீச்சர்! கூட்டமாகத் திரியும், தரையில் மேயும், மனிதருக்கு அவ்வளவாக அஞ்சாது. இதைவிட நல்ல பாடம் ஆனைமலையிலும் கிடைக்காது. பிள்ளைகளை இருவர் இருவராகப் பிரியுங்கள். ஒருவர் பார்த்துச் சொல்ல, மற்றவர் எழுதட்டும். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை கூட்டத்தை அலசட்டும். தாளில் ஆறே கட்டம்: இலையைக் கிளறுகிறது, தின்கிறது, இறகு கோதுகிறது, கத்துகிறது, சும்மா இருக்கிறது, காணவில்லை. மரத்தின் மேலே ஒன்று மட்டும் தனியாக உட்கார்ந்திருந்தால் அதைச் 'சும்மா' கட்டத்தில் போட அவசரப்படாதீர்கள். மற்றவை மேயும்போது அது காவல் பார்க்கலாம். பிள்ளைகளே கண்டுபிடித்து ஏழாவது கட்டம் கேட்கட்டும்.

பத்து நாள் தாளை எனக்கு அனுப்புங்கள். நான் முதலில் பார்க்கப்போவது 'காணவில்லை' கட்டத்தைத்தான். அது காலியாக இருந்தால் திருப்பி அனுப்பிவிடுவேன்.