தணிக்கைக் குழுவில் யார் இருக்கிறார்கள்?

அன்புள்ள ஆசிரியருக்கு,

கோவையில் ஓர் உற்பத்தி நிறுவனத்தின் மனிதவளத் துறையில் இருக்கிறேன். உயர் பதவிகளில் பெண்களைக் கூட்ட வேண்டும் என்று மேலிடத்தில் பேசப்போகிறேன். மெக்கின்சி என்ற ஆலோசனை நிறுவனத்தின் கணக்குப்படி அதனால் 39 சதவீதம் லாபம் கூடும் என்று ஸ்லைடு போட்டிருக்கிறேன். நார்வேயில் நஷ்டம்தான் வந்தது என்கிறார் எங்கள் நிதித் தலைவர். எது சரி?

வாசகி

அன்புள்ள வாசகிக்கு,

முதலில் அந்த ஸ்லைடை எடுத்துவிடுங்கள். மெக்கின்சி 2023இல் சொன்னது லாபம் 39 சதவீதம் கூடும் என்றல்ல. உயர் நிர்வாகத்தில் பெண்கள் அதிகமுள்ள முதல் கால்பங்கு நிறுவனங்கள், கடைசிக் கால்பங்கைவிட, லாபத்தில் முந்துவதற்கான வாய்ப்பு 39 சதவீதம் அதிகம் என்றுதான். வாய்ப்பு வேறு, லாபம் வேறு. இதைக்கூடப் பார்க்காமலா மேலிடத்துக்குப் போவது? எது காரணம், எது விளைவு என்பதும் அந்தக் கணக்கில் இல்லை. நன்றாக ஓடும் நிறுவனத்துக்குத்தான் ஆள் தேடப் பணமும் பொறுமையும் இருக்கும். தலைகீழாகவும் நடக்கும். பிரிட்டனின் பெரிய நிறுவனங்களை ஆராய்ந்து ரையன், ஹாஸ்லம் என்ற ஆய்வாளர்கள் 2005இல் காட்டினார்கள்: சந்தை சரிந்த நேரத்தில் பெண்களைப் போர்டில், அதாவது இயக்குநர் குழுவில், சேர்த்த நிறுவனங்கள், அதற்கு முந்தைய ஐந்து மாதங்களாகவே தள்ளாடிக்கொண்டிருந்தவை.

நார்வேயை விடுங்கள். போர்டில் 40 சதவீதமாவது பெண்கள் வேண்டும் என்ற அங்குள்ள சட்டத்தால் பங்கு மதிப்பு விழுந்ததாக 2012இல் ஓர் ஆய்வு வந்தது. பின்னால் வந்தவர்கள் அந்தக் கணக்கையே மறுத்துவிட்டார்கள்.

என் மனத்தை அரிப்பது வேறு. 2013ஆம் ஆண்டின் கம்பெனிகள் சட்டம், பட்டியலிட்ட ஒவ்வொரு நிறுவனத்திலும் ஒரு பெண் இயக்குநராவது வேண்டும் என்றது. மனைவியையோ மகளையோ உட்காரவைத்துக் கடமையை முடித்த புரமோட்டர்கள், அதாவது நிறுவனத்தைக் கையில் வைத்திருக்கும் முதலாளிகள், உண்டு. மகள் திறமைசாலியாகவே இருக்கலாம். அப்பா வாங்கத் துடிக்கும் கடனை நிறுத்தச் சொல்ல அவரால் முடியுமா? பிறகு பங்குச் சந்தையைக் கண்காணிக்கும் செபி, சுயேச்சைப் பெண் இயக்குநர் (புரமோட்டருக்கு உறவில்லாதவர்) ஒருவராவது வேண்டும் என்று சந்தை மதிப்பில் முதல் 500 நிறுவனங்களுக்கு 2019 ஏப்ரலிலும், முதல் 1000 நிறுவனங்களுக்கு 2020 ஏப்ரலிலும் கட்டாயமாக்கியது. ஆனாலும் நாம் தலையை மட்டுமே எண்ணிக்கொண்டிருக்கிறோம்.

ஏதாவது ஒரு பட்டியலிட்ட நிறுவனத்தின் ஆண்டறிக்கையைத் திறந்து, கார்ப்பரேட் கவர்னன்ஸ் பகுதிக்குப் போங்கள். இயக்குநர்களுக்குள் யார் யாருக்கு உறவு என்று அங்கே சொல்லியாக வேண்டும். அதை முதலில் படியுங்கள். அடுத்தது வருகைக் கணக்கு. அதன் பிறகு குழுக்கள். அங்குள்ள பெண் இயக்குநர் சமூகப் பொறுப்புக் குழுவில் மட்டும் இருக்கிறாரா, தணிக்கைக் குழுவிலும் இருக்கிறாரா? காலாண்டுக் கணக்கை அலசுவது தணிக்கைக் குழு. புரமோட்டரின் இன்னொரு கம்பெனிக்குப் போகும் பணம் போன்ற பரிவர்த்தனைகளுக்கு முன் ஒப்புதல் தருவதும் அதுதான். அதில் குறைந்தது மூவர், மூன்றில் இரண்டு பங்கினர் சுயேச்சை இயக்குநர்கள். ஆண்டுக்கு நான்கு கூட்டமாவது நடக்க வேண்டும். அந்த அறைக்கு வெளியே நிறுத்திவைத்த ஒருவரால் லாபம் கூடியதா குறைந்ததா என்று கணக்குப் போடுவது அநியாயம்.

அமெரிக்க நிறுவனங்களை ஆராய்ந்த ஆடம்ஸ், ஃபெரேரா என்ற பொருளாதார ஆய்வாளர்கள் 2009இல் கண்டது இதற்கு நெருக்கமானது. பெண் இயக்குநர்கள் கூட்டத்துக்குத் தவறாமல் வந்தார்கள். அவர்கள் இருந்த போர்டுகளில் ஆண்களின் வருகையும் கூடியது. கண்காணிப்புக் குழுக்களில் பெண்கள் அதிகம் இருந்தார்கள். சராசரியாக லாபம் கூடவில்லை. மேற்பார்வை பலவீனமாக இருந்த இடங்களில் பலன் தெரிந்தது; ஏற்கெனவே கெடுபிடியான இடங்களில் அது சுமையானது.

உங்கள் மேலிடத்துக்கு ஒரே ஒரு பட்டியல் போதும். ஆலைத் தலைமை, விற்பனை, கொள்முதல், நிதி என்று லாப நஷ்டத்துக்குப் பதில் சொல்ல வேண்டிய பதவிகளை எழுதுங்கள். ஒவ்வொன்றுக்கும் கடைசியாக ஆள் எடுத்தபோது பரிசீலித்த பெயர்களையும் பக்கத்தில் எழுதுங்கள். அந்தக் கோப்புகள் உங்கள் துறையில்தானே இருக்கின்றன, அம்மா.